முன்னாடி ஒரு ஸ்கேன்

"கரண்டு வைக்கிறதுன்னா வைங்க டாக்டரம்மா. அதுக்கு முன்னாடி இந்த ஸ்கேன் மட்டும் வேணாம்."

புற்றுக்கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுக்கும் மேசைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார் தவசி.

"கமுதியில மொத பஸ்ஸைப் பிடிச்சு வந்தது இதுக்குத்தானா? பேசாமப் படுங்க!" கதவோரம் நின்ற மனைவி இருளம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

டாக்டர் வாசுகி பொறுமையாகச் சொன்னாள். "கட்டி எங்க இருக்குன்னு ஸ்கேன்ல பார்த்தாத்தான் குறி தப்பாது அய்யா. அதுல வர்ற கதிர் ரொம்பக் கொஞ்சம்தான்."

"அந்தக் கொஞ்சத்துக்குத்தான் பயப்படுறேன்."

"உங்க உடம்புக்கு ஒண்ணும் ஆகாது."

"என் உடம்பைப் பத்தி யாரு கேட்டா? கட்டிக்கு ஒண்ணும் ஆகாமப் போயிருமேன்னுதான் பயம். மொதல்ல கொஞ்சமாக் காட்டிட்டா அது தேறிக்கிடாதா? அப்பறம் பெரிசா வச்சாலும் சாகாதே!"

வாசுகி திகைத்தாள். செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து அவளுடைய பேராசிரியர் மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடை வந்தது.

"இதை யாரு சொன்னா உங்களுக்கு?"

"எங்க மொளகா நாத்துதான். பிடுங்கி நடுறதுக்கு முன்னாடி நாலு நாள் தண்ணி காட்டாம வாடப் போடுவோம். அந்த வாட்டத்தைத் தாங்குன நாத்து எந்த வெயிலுக்கும் அசராது."

வாசுகி கொஞ்சம் யோசித்தாள். "ஸ்கேனுக்கும் கரண்டுக்கும் நடுவுல ரெண்டே நிமிஷம்தான் அய்யா."

"ரெண்டு நிமிசமா!" தவசி சட்டென்று கால் நீட்டிப் படுத்தார். "அப்பச் சீக்கிரம் எடுங்க தாயி. அது சுதாரிக்கிறதுக்குள்ள வச்சிருவோம்."