கொழும்புச் சம்பந்தம்

“கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்புங்க மகள்… ஆ, இன்னும் கொஞ்சம்.”

கொழும்பிலிருந்து வந்த பெண்மணி நிஹ்லாவின் தாடையை இரண்டு விரலால் தொட்டு, முகத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். இவள் மாப்பிள்ளையின் ராத்தாவாக இருக்க வேண்டும். பக்கத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்த இளையவள் தங்கச்சியாக இருக்க வேண்டும். இப்படியெல்லாம் கணக்குப் போட்டபடி கதவோரம் நின்ற ஸரீனாவுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது.

அடிக்காமல் என்ன செய்யும்? மகளுக்கு இதற்கு முன் பேசி வந்த இரண்டு இடமும் போட்டோவைப் பார்த்ததுமே தட்டிப் போய்விட்டது. “புள்ள தங்கமான புள்ளதான். ஆனா நெறம் கொஞ்சம் கம்மி, முகத்துல பருவும் ஈக்கிது…” என்று தரகர் ரவூப் நானா இழுத்து இழுத்துச் சொன்னார். இதுவும் தட்டிப் போனால் மாத்தளை டவுனில் ஊர் வாய் சும்மா இருக்குமா?

ரவூப் நானாவுக்குத் தெரிந்தது சரி, நிஹ்லாவின் போனுக்கு யார் போய்ச் சொன்னார்களோ! அன்றிலிருந்து அதைத் திறந்தாலே முகக் கிரீம் விளம்பரம்தான். “அவர் உங்களைத் திரும்பிப் பார்க்கவில்லையா?” என்று கேட்டதும் ஒருத்தி கறுத்த முகத்தோடு கண்ணைக் கசக்குவாள். அடுத்த நொடி வெள்ளை வெளேரென்று வந்து சிரிப்பாள், பக்கத்தில் மாப்பிள்ளையும் நிற்பான்.

நிஹ்லா அதையெல்லாம் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவாள். மொண்டிசோரி டீச்சருக்குப் பிள்ளைகளோடு கத்தவே நேரம் போதாது. ஸரீனாதான் மகளின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “அந்தக் கிரீம்ட பேர் என்னன்னு பாரு மகள்” என்று உயிரை வாங்குவாள். வாங்கிப் பூசாத கிரீம் இல்லை. பூசிப் பூசிக் கண்ட மிச்சம், இருந்த பருவோடு இன்னும் நாலு பரு.

அப்படியிருக்கும்போதுதான் போன வாரம் ரவூப் நானா கோல் எடுத்தார்.

“கொழும்பு ஆக்கள், புள்ள ஒன்னு தேடுறாங்க. உங்கட மகள்ட போட்டோவக் காட்டின ஒடனே புடிச்சிப் போச்சி.”

“எந்த போட்டோ நானா?”

“அதே போட்டோதான்! இப்பிடி ஒரு முகத்தத்தான் தேடிட்டு இருந்தோம்னு செல்றாங்க. வெள்ளிக்கிழம அஸருக்குப் பொறகு வாறாங்க. புள்ள எப்பிடி ஈக்கிதோ அப்பிடியே ஈக்கட்டும், பவுடர்கூட வாணாமாம்.”

ஸரீனா தயங்கித் தயங்கிக் கேட்டாள். “நாங்க என்ன குடுக்கணும் நானா?”

“நீங்க ஒரு சதமும் குடுக்க வாணாம். அவங்கதான் புள்ளக்கிக் குடுப்பாங்க.”

சீதனம் கேட்காமல், பெண்ணுக்குத் தரும் மஹரைக் கையில் வைத்துக்கொண்டு வருகிற குடும்பம்! இந்தக் காலத்தில் இப்படியும் மனிதர்களா என்று ஸரீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. போனை வைத்ததும் முதல் வேலையாக அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னாள்.

அதற்காக, பவுடர் வேண்டாம் என்றால் பெற்றவள் சும்மா விட்டுவிடுவாளா? நல்ல மனிதர்கள் மரியாதைக்கு அப்படித்தான் சொல்வார்கள், நாம்தான் பார்த்து நடந்துகொள்ள வேண்டும். பலாபத்வலையில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் ஜஸ்லாவை வெள்ளிக்கிழமை வீட்டுக்கே வரவழைத்தாள். ஜஸ்லா பூசிய பூச்சில் பருவும் போனது, கறுப்பும் போனது.

“உம்மா, சிரிச்சா முகம் வெடிச்சிரும் போல ஈக்கிது” என்றாள் நிஹ்லா.

“அப்ப அவங்க போற வரைக்கும் சிரிக்க வாணாம்!” என்றாள் ஸரீனா.

அந்த முகத்தைத்தான் வந்தவர்கள் இப்போது உற்று உற்றுப் பார்த்தார்கள். சமைப்பாளா என்று கேட்கவில்லை, ஓதுவாளா என்று கேட்கவில்லை, வாப்பாவுக்கு என்ன வியாபாரம் என்றுகூடக் கேட்கவில்லை. பெரிய இடம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஸரீனா உள்ளுக்குள் பூரித்துப்போனாள்.

“ஆன்ட்டி, மகளுக்கு முகத்தில பரு இருந்திச்சே?” என்று இளையவள் கேட்டாள்.

“பருவா? எங்கட புள்ளக்கா? ஐயோ, அது அந்த போட்டோ எடுத்தவன்ட குத்தம்!”

நிஹ்லா குனிந்துகொண்டாள். சிரிக்கக் கூடாது அல்லவா. வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், மூத்தவளின் முகம் சப்பென்று ஆகிவிட்டது. முன்னால் வைத்திருந்த வட்டிலாப்பத்தை ஒரு கரண்டிகூட வாயில் வைக்காமல் எழுந்தாள்.

“நல்ல வடிவான புள்ள ஆன்ட்டி. ஆனா எங்களுக்குச் சரிவராது.”

இவ்வளவு பாடுபட்டும் இதுவும் போச்சா? அவமானமும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்க, ஸரீனா வாசலில் நின்ற வேன் வரைக்கும் பின்னாலேயே ஓடிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்கட புள்ளயில என்ன கொற? செல்லிட்டுப் போங்க! மாப்பிள்ளக்கி இதவிட வெள்ளயா எங்க போய்த் தேடுவீங்க?”

“மாப்பிள்ளையா?” மூத்தவள் விழித்தாள். “ரவூப் நானா ஒன்னும் சொல்லல்லையா ஆன்ட்டி? நாங்க முகக் கிரீம் விளம்பரம் செய்றவங்க.”

ஸரீனாவின் கை கதவிலிருந்து நழுவியது. ஆனாலும் பெற்ற மனம் கேட்கவில்லை.

“விளம்பரத்துக்குன்னாலும், இவ்வளவு வடிவான முகம் ஏன் சரிவராது?”

“வடிவான முகம் கொழும்புலயே இருக்கு ஆன்ட்டி. நாங்க தேடி வந்தது, கிரீம் பூச முந்தி காட்டுற முகம்.”