கடைசி வரிசையில் ஒருத்தி

பழங்குடி நிலத்தில் இருந்த அந்த ஆட்டக்கூடத்தைச் சோதிக்க அதிகாரி வந்திருந்தார். இயந்திரங்கள் வழியாக ஆளோடு ஆள் விளையாடினால் அது பிங்கோ என்ற எண் விளையாட்டு, கூடம் பிழைக்கும். ஆள் இயந்திரத்தோடு மட்டும் விளையாடினால் சூதாட்டம்; கூடமும் அதன் வருவாயில் ஓடும் மருத்துவமனையும் மூடப்படும். கூடத்தை நடத்தும் லோர்னாவைத் தவிர எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, அவர் ஓர் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். இன்னொருவர் சேராமல் ஆட்டம் தொடங்கக் கூடாது.

தொடங்கிவிட்டது.

"அங்கே யாரம்மா விளையாடுறது?"

கடைசி வரிசையில் ஒரு திரை ஒளிர்வதை லோர்னா அப்போதுதான் கவனித்தாள். இறந்தவரின் இருக்கையை ஓராண்டுக்குக் கலைக்காமல் விடுவது அவர்கள் வழக்கம். ஆள் இருப்பதாக இயந்திரத்துக்குக் காட்டும் அக்காவின் அட்டையை அதிலிருந்து உருவ அவளுக்கு மனம் வரவில்லை.

"யாருமில்லேன்னா இது தானா ஆடுதுன்னு அர்த்தம். இன்னைக்கே பூட்டிடுவேன்."

"எங்க அக்கா சார்." லோர்னா அந்த நாற்காலியைக் காட்டினாள்.

அதிகாரி காலி நாற்காலியைப் பார்த்தார். "எண் வந்தா கையால பொத்தானை அழுத்தணும். அதுதான் விதி. அழுத்துவாங்களா?"

"எப்பவும் கொஞ்சம் தாமதமாத்தான் அழுத்துவா. பொறுங்க."

முதல் எண் திரையில் வந்து நின்றது. இருவரும் கடைசி வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.