வாயைக் கட்டியவர்

கடற்கரைத் தெருவில் மாமியாரும் மருமகளும் ஏறியது மூன்றாவது ஹோட்டல். முதல் ஹோட்டலில் சாலட் மேல் தேன் ஊற்றியிருந்தார்கள். அடுத்ததில் பாகில் ஊறிய அன்னாசிப்பழம். இரண்டிலும் மாமியார் விருட்டென்று எழுந்து வந்துவிட்டார்.

"இங்கே சாலட் சாஸ்ல சர்க்கரை இருக்கா?"

"லேசா இருக்கும்மா..." என்று இழுத்தார் சர்வர்.

"அப்போ சாஸ் வேண்டாம். வெள்ளரிக்காய், முட்டை, கொண்டைக்கடலை போட்டு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடுங்க. பொரிச்ச ரொட்டித்துண்டு ஒண்ணுகூட விழக்கூடாது."

"விடுங்க அத்தை, எல்லாரும் பார்க்கறாங்க" என்று மருமகள் நெளிந்தாள்.

"பார்க்கட்டும். டாக்டர் சொன்னதைக் காத்துல பறக்கவிடவா இவ்வளவு தூரம் வந்தோம்?"

சர்வர் மருமகள் பக்கம் குனிந்தார். "எங்க அம்மாவுக்கும் சுகர்தான். இந்த வயசுல வாயைக் கட்டறது கஷ்டம். கோவிச்சுக்காதீங்க."

மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினாள்.

சாலட் வந்ததும் சர்வர் அதை மாமியார் முன்னால் வைத்தார். மாமியார் ஒருமுறை கிளறிப் பார்த்துவிட்டு, தட்டை மருமகள் பக்கம் நகர்த்தினார்.

"சாப்பிடுடி தங்கம். இவளுக்கு சுகர்னு போன மாசம்தாங்க தெரிஞ்சுது. வாயைத் திறந்து கேட்கக் கூச்சப்படறா."

சர்வர் அசடு வழிந்தார். "அப்போ உங்களுக்கு என்னம்மா?"

"எனக்கும் இதையே..."

மருமகள் குறுக்கிட்டாள். இந்த முறை அவள் குரல் பக்கத்து மேசை வரை கேட்டது.

"அத்தைக்குப் பெரிய கப் ஐஸ்கிரீம் கொண்டு வாங்க. இந்த ஊருக்கு வந்ததுலேருந்து எனக்காக அவங்களும் இனிப்பையே தொடலை. சர்க்கரை குறையாமப் பார்த்துக்குங்க!"