மஞ்சள் புள்ளி

பள்ளிக்கூடம் விட்டு வந்த வாத்தியார் படுக்கையறைக்குள் கால் வைத்ததும் திகைத்து நின்றார். அறை கதகதவென்று இருந்தது. அவருக்கும் சரி, அவர் மனைவிக்கும் சரி, ஏசி ஜில்லென்று ஓடினால்தான் பிடிக்கும். ஆளுக்கு ஆள் பிடித்த சூட்டைத் தானாகவே வைக்கும் வீடு அது. அப்படியானால் இது யாருக்கான சூடு?

கூடத்துச் சுவரில் இருந்த திரை, அன்று வீட்டில் நடமாடியவர்களைப் புள்ளிகளாகக் காட்டியது. நீலம் அவர். பச்சை மனைவி. பக்கத்திலேயே ஒரு மஞ்சள். கொஞ்ச நாளாகவே அந்த மஞ்சள் தென்படுகிறது. அவர் வீட்டில் இருக்கும் விடுமுறை நாளில் மட்டும் எட்டிப் பார்ப்பதில்லை.

"இன்னைக்கு யாராச்சும் வந்தாங்களா?"

"யாரு வரப் போறா? நீங்க போயிட்டா நானும் நாலு சுவரும்தான்" என்றாள் மனைவி, உட்கார்ந்து காய் நறுக்கியபடியே.

வாத்தியார் நெஞ்சைத் தடவிக்கொண்டார். அவருக்கு நெஞ்சுவலி வந்து பிழைத்த பிறகுதான் இந்த ஏற்பாடெல்லாம் வீட்டுக்குள் வந்தது. 'மனசுக்குக் கவலையே கூடாது' என்று டாக்டர் சொன்னதை அவள் வேதமாக எடுத்துக்கொண்டாள். ஆனால் கேமரா வைக்கலாம் என்றதும், "கண்ணு வச்ச வீடு எனக்கு வேணவே வேணாம்" என்று ஒற்றைக்காலில் நின்றவளும் அவள்தான்.

அன்றைக்கு அது கூச்சமாகத் தெரிந்தது. இன்றைக்கு வேறு மாதிரி தெரிந்தது.

அப்போதுதான் சுவரைக் கவனித்தார். இடுப்பு உயரத்தில், சமையலறையிலிருந்து படுக்கையறை வரை, கை உரசிய அழுக்கு நீளமாக ஓடியிருந்தது. கேட்டால் குடும்பம் உடையும். கேட்காவிட்டால் நெஞ்சு உடையும். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், இதையெல்லாம் பொருத்திய மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

மெக்கானிக் பேச்சுக்காரர். பெட்டியைத் திறந்தபடியே ஆரம்பித்துவிட்டார்.

"கேமரா இல்ல, மைக் இல்ல சார். தரைக்கு அடியில, வாசப்படிக்கு அடியில எல்லாம் பட்டை பட்டையா சென்சார். அடிக்கு அடி எவ்வளவு தூரம், எந்தக் கால்ல எவ்வளவு பாரம் விழுது... நடையை வச்சுத்தான் ஆளைப் பிரிக்கும். பேரு தெரியாது, மூஞ்சி தெரியாது. பார்த்ததை வெளியே போய்ச் சொல்லவும் சொல்லாது. எங்க மாமியார் இதுகிட்ட டியூஷன் படிக்கணும்!"

வாத்தியாருக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப அந்த மஞ்சள் யாரு?" என்றார், குரலைத் தாழ்த்தி.

"தனி நடை இருக்கு சார் அதுக்கு. என்ன சூடு பிடிக்கும், எவ்வளவு வெளிச்சம் போதும்னு வீடே கத்துக்கிட்டிருக்கு. எப்பவாச்சும் வந்துபோற விருந்தாளின்னா இவ்வளவு கத்துக்காது. தினம் புழங்குற ஆளு."

மனைவி தண்ணீர் கொண்டு வந்தாள். அணிவகுப்பில் நடப்பவள் போல நிமிர்ந்து வந்து, ஒரு கையால் மேசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு டம்ளர்களை வைத்தாள்.

"என்னங்க, இப்படி வேர்த்திருக்கு? மாத்திரை போட்டீங்களா, இல்லையா?"

"போட்டேன், போட்டேன்." அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை.

அவள் உள்ளே போனதும் மெக்கானிக் தன் டேப்லெட்டைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"வேடிக்கையா இருக்கே சார். இந்த மஞ்சள் ஒரு நாள்கூட வாசப்படியை மிதிக்கல."

"பின்வாசல் வழியா..."

"அதையும் மிதிக்கல."

"அப்ப உள்ளேயே ஒளிஞ்சிருக்கானா?" வாத்தியாரின் வாயிலிருந்து அந்த ஆண்பால் 'ஆன்' முதல் தடவையாக வெளியே விழுந்தது.

மெக்கானிக் சமையலறைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "அம்மா, வண்டியில ஒரு சாமான் இருக்கு. சாரும் நானும் போய் எடுத்துட்டு வந்துடறோம்!"

வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, டேப்லெட்டை வாத்தியார் முன்னால் நீட்டினார்.

சமையலறையில் பச்சைப் புள்ளி அசையாமல் நின்றது. வாசல் கதவு சாத்தின சத்தம் அடங்கட்டும் என்று காத்திருப்பதுபோல் இருந்தது. பிறகு இரண்டடி நகர்ந்தது. அணைந்தது.

அதே இடத்தில் மஞ்சள் எரிந்தது. சுவரை ஒட்டி, நின்று நின்று, படுக்கையறையை நோக்கி ஊர்ந்தது.

வாத்தியார் கதவின் கைப்பிடியைப் பிடித்தார்.

"யாருய்யா அது?"

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க வெளிய போனதும்தான் சார், அம்மா நொண்டுறாங்க."