டவர் பிடித்த சொம்பு

"டவர் ஒரே ஒரு கோடுதான் இருக்கு, அதுவும் இப்பவோ அப்பவோன்னு நிக்குது!" என்று ஜன்னல் திட்டில் இருந்த செல்போன் பதறியது.

ஆஸ்பத்திரியில் மகளைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோயிருந்தார்கள். மருமகன் அங்கிருந்து கூப்பிடுவான் என்று வேதவல்லி வீட்டில் செல்போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குள்ள வந்து உட்காரு! என் பளபளப்புக்கு டவரெல்லாம் தானா வந்து விழும்" என்றது எவர்சில்வர் சொம்பு. வேதவல்லிக்கும் அப்படித்தான் தோன்றியது. செல்போனைச் சொம்புக்குள் நிறுத்தினாள்.

"நானும் வரேன்!" என்று துள்ளியது பிய்ந்த குடையின் கம்பி. அதையும் பக்கத்தில் செருகினாள்.

"வருதா? வருதா?" என்று இரண்டும் கத்தின.

"இருந்த ஒரு கோடும் போச்சு!" என்றது செல்போன்.

"கொஞ்சம் பொறு, இப்பதானே ஆரம்பிச்சிருக்கோம்!" என்றது சொம்பு.

படபடப்பில் வேதவல்லிக்கு நாக்கு வறண்டது. செல்போனையும் கம்பியையும் எடுத்துத் திட்டில் வைத்துவிட்டு, சொம்பைப் பானைக்குள் விட்டுத் தண்ணீர் மொண்டாள். கம்பி உருண்டு தரையில் விழுந்தது.

அந்த நேரம் பார்த்துச் செல்போன் அலறியது. எடுத்ததும் மருமகனின் குரல் கேட்டது.

"அத்தை, பெண் குழந்தை! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!"

வேதவல்லி தண்ணீரை மேலெல்லாம் கொட்டிக்கொண்டு சிரித்தாள்.

"என்னாலதான்!" என்று தரையிலிருந்து கம்பி கூவியது.

"என்னாலதான்!" என்று நனைந்தபடியே சொம்பு கூவியது.

"ராசியான சொம்புடி நீ!" என்று வேதவல்லி அதைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். அடுத்த அழைப்புக்காகச் செல்போனை மறுபடியும் அதற்குள் நிறுத்தினாள்.

"வருதா? வருதா?" என்றது சொம்பு.