வணக்கம், டாக்டர்

பாச்சாங் கிளினிக்கில் காலை வெயில் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. பெரிய டாக்டர் சரோஜினி பக்கத்தில் அமர்ந்திருக்க, புதிதாகச் சேர்ந்த இளம் டாக்டர் அகல்யா அடுத்த நோயாளியை அழைக்கிறாள். உள்ளே வருபவள் திலகா. சிம்பாங் அம்பாட் எஸ்டேட்டிலிருந்து ஆறு வருடம் அகல்யாவைத் தன் மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கு ஏற்றிப்போனவள். "என்ன பாப்பா, சாப்டியா?" என்று முகமெல்லாம் சிரிப்பாகக் கன்னத்தைத் தொடக் கை நீட்டுகிறாள். அகல்யாவின் பார்வை சரோஜினி பக்கம் ஓடித் திரும்புகிறது. "வணக்கம்மா, உட்காருங்க. என்ன செய்யுது?" நீட்டிய கை அப்படியே இறங்கிக் கைப்பையின் ஜிப்பை மூடுகிறது. "வணக்கம், டாக்டர். ரெண்டு வாரமா இருமலுங்க." திலகா நாற்காலி நுனியில் உட்காருகிறாள். "நல்ல மரியாதையாக் கதைக்கிறீர், பிள்ளை" என்கிறார் சரோஜினி அகல்யாவிடம். அகல்யாவுக்குக் காதெல்லாம் சுடுகிறது. பழையபடி அக்கா என்று கூப்பிடத்தான் வாயைத் திறக்கிறாள். "மூச்ச நல்லா இழுத்து விடுங்கம்மா."