பின் ரூம்

வாடகைக்கு இருப்பவன் வாழ்க்கையில் உருப்பட்டதாகச் சரித்திரமே இல்லை. கெலாங் பாத்தாவில் புது வீடுகள் விற்கும் ஏஜெண்ட் காளிதாஸ் இதை ஒரு வேதம் போலச் சொல்வார். இந்த வருஷம் அவர் இன்னும் ஒரு வீடுகூட விற்கவில்லை.

“வாடகைன்னா என்ன சார்? அடுத்தவன் வீட்டு லோனை நாம கட்டுறது! மானமுள்ளவன் செய்வானா?”

வீடு பார்க்க வந்த தீபன் தலையாட்டினான். அவன் மனைவி லோஷினி ஆட்டவில்லை.

“வீடு பிடிச்சிருக்கு. ஆனா கரண்ட் பில்லு, சாமான் விலை எல்லாம் ஏறிப்போச்சு லா. பின் ரூமுக்கு யாராச்சும் வாடகைக்கு வந்தாதான் லோன் கட்ட முடியும்.”

“ஆளுக்கா மேடம் பஞ்சம்?”

“மூணு தடவையா இதையேதான் சொல்றீங்க. ஆளைக் காட்டுங்க, இன்னிக்கே கையெழுத்து போடுறோம். இல்லாட்டி குளுவாங்ல அம்மா வீடே போதும்.”

தீபன் காரை எடுக்கப் போனான். காளிதாஸ் குரலைத் தாழ்த்தினார்.

“ஒருத்தர் இருக்கார் மேடம். தண்ணி, சிகரெட் கிடையாது. இப்ப இருக்கிற ரூம்ல வாடகைய ஏத்திட்டாங்க. தீபாவளிக்குள்ள காலி பண்ணணும்.”

“என்ன வேலை செய்றார்?”

“வீடு விக்கிறார்.”

லோஷினி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ரெண்டு மாச டிப்பாசிட். ஏர்கான் போட்டா கரண்ட்டுக்குத் தனிக் காசு.”

காளிதாஸ் தீபன் இருந்த காரை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“ஃபேன் போதும் மேடம்.”